பிரஷ் மோட்டாரா, பிரஷ்லெஸ்ஸா: இரண்டையும் வைத்து ஏழு வருஷம் வேலை பார்த்தவன் சொல்வது

என்னிடம் ஒரே பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ் கருவிகள் ஐந்து இருக்கின்றன. இரண்டு டிரில், ஸ்க்ரூ முடுக்க ஒரு இம்பேக்ட் டிரைவர், இரும்பு வெட்ட ஒரு ஆங்கிள் கிரைண்டர், மரம் அறுக்க ஒரு வட்ட ரம்பம். பழைய டிரில்லும் இம்பேக்ட் டிரைவரும் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். மற்ற மூன்றும் பிரஷ்லெஸ். ஏழு வருஷமாக இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் பிடித்ததில், "கண்ணை மூடிக்கொண்டு பிரஷ்லெஸ் வாங்கு" என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை, "அதெல்லாம் விளம்பரம்" என்று கையை உதறுபவர்களோடும் ஒத்துப்போகவில்லை. யாராவது என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ட்ரிக்கரை ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பீர்கள்? ஐந்து விநாடியா, ஐந்து நிமிஷமா? பதில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும்.

ஏன் என்று புரிய மோட்டாருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பிரஷ் மோட்டாரில் காந்தம் வெளிச்சுவரில் அசையாமல் இருக்கும், செம்புக் கம்பி சுற்றிய ஆர்மேச்சர் நடுவில் சுழலும். சுழலும் கம்பிக்குக் கரண்ட் போக வேண்டுமே, அதற்குத்தான் இரண்டு கார்பன் துண்டுகள், பின்னால் ஸ்பிரிங் தள்ள, கம்யூட்டேட்டர் என்கிற செம்புப் பட்டைகளின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். (பார்த்தால் வெறும் கறுப்புக் கட்டி, இதற்கு ஏன் பிரஷ் என்று பெயர் என்று நானும் யோசித்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் அது உண்மையிலேயே செம்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டிய தூரிகை மாதிரிதான் இருந்தது, கார்பன் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) அந்த உரசலில்தான் தீப்பொறி, கறுப்புத் தூள், சூடு, ஓசோன் வாசனை எல்லாம். தேய்வதும் அங்கேதான்.

பிரஷ்லெஸ்ஸில் எல்லாம் தலைகீழ். காந்தம் நடுவில் சுழல்கிறது, சுருள் வெளியே அசையாமல் நிற்கிறது. எந்தச் சுருளுக்கு எப்போது கரண்ட் விட வேண்டும் என்பதை ஒரு போர்டு தீர்மானித்து, மாஸ்ஃபெட் என்கிற ஆறு எலெக்ட்ரானிக் சுவிட்சுகளைத் திறந்து மூடி, மூன்று ஃபேஸாக ஓட்டுகிறது. இது ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை. செமிகண்டக்டரால் இப்படி மாற்றிவிடும் டிசி மோட்டாரைப் பற்றி 1962லேயே ஆய்வுக்கட்டுரை வந்துவிட்டது. பிளாக் அண்ட் டெக்கர் முதல் கார்ட்லெஸ் டிரில்லைக் காட்டியது 1961ல், ஆக இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஆனால் கையில் பிடிக்கும் கருவிக்குள் அந்தப் போர்டை அடக்குகிற அளவுக்குச் சிறிதாக, மலிவாக ஆக்க இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் சூடு வெளியேறும் வழி. பிரஷ் மோட்டாரில் சூடாகும் சுருள் நட்டநடுவில் இருக்கிறது, சுற்றிலும் காற்று இடைவெளி, அதைச் சுற்றிக் காந்தம், அப்புறம்தான் உடல். உள்ளே விழுந்த சூடு வெளியே வர வழியில்லாமல் தவிக்கும். பிரஷ்லெஸ்ஸில் சுருள் வெளிச்சுவரை ஒட்டியே இருப்பதால் விசிறிக் காற்று நேராக அடித்துக்கொண்டு போய்விடும். ஐந்து விநாடி வேலையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஐந்து நிமிஷ வேலையில் உள்ளங்கையில் தெரியும்.

சரி, டிரில்லுக்கு வருவோம். எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். பிரஷ்லெஸ் என்றால் பலம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை உடைக்க இரண்டு ஜோடி மாடல்களே போதும். மகிட்டாவின் டிஎச்பி482 பிரஷ் மோட்டார், 18 வோல்ட், அதிகபட்ச முறுக்குவிசை 62 நியூட்டன் மீட்டர். அதே பேட்டரியில் ஓடும் டிஎச்பி484 பிரஷ்லெஸ், அதற்கு 54. ஆமாம், பிரஷ்லெஸ்ஸுக்குத்தான் குறைவு. பாஷிலும் அதே கதை: ஜிஎஸ்பி 180 பிரஷ் மோட்டார், 54 நியூட்டன் மீட்டர், ஜிஎஸ்பி 18வி-50 பிரஷ்லெஸ், 50. பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர் பழைய மோட்டாரைத்தான் எடுப்பார்.

ஆனால் அந்தப் பெரிய எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். அது ஹார்டு டார்க் (டார்க் என்றால் முறுக்குவிசை). அதாவது ஸ்க்ரூ இரும்பில் போய்ச் சட்டென்று முட்டி நிற்கும் கணத்தில் வரும் உதை, சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரின் வேகமும் அதில் சேர்ந்துவிடும். மரத்துக்குள் ஸ்க்ரூ மெல்ல மெல்ல இறுகும்போது வருவது சாஃப்ட் டார்க், அது தனி எண், கேட்டலாகில் பக்கத்திலேயே சின்னதாக இருக்கும். பாஷ் ஜோடியில் அந்த எண்ணைப் பார்த்தால் பிரஷ் மோட்டாருக்கு 21, பிரஷ்லெஸ்ஸுக்கு 28. கதை திரும்பிவிட்டது. மகிட்டா ஜோடியில் திரும்பவில்லை, அங்கே 482க்கு 36, 484க்கு 30. ஆகவே எந்த வகை மோட்டார் என்பதை வைத்துப் பலத்தைச் சொல்ல முடியாது, அந்தந்த மாடலின் இரண்டு எண்களையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். 484 வாங்குகிறவருக்குக் கிடைப்பது வேறு: நீளம் 198 மில்லிமீட்டரிலிருந்து 182க்கு இறங்குகிறது. அலமாரிக்குள் கையை விட்டுக் கீல் பொருத்துகிறவருக்கு அந்த 16 மில்லிமீட்டர் பெரிய விஷயம், திறந்த வெளியில் பலகை அடிக்கிறவருக்கு ஒன்றுமே இல்லை.

(இந்த மாடல்களை எடுத்தது ஒப்பிட வசதியாக இருப்பதால் மட்டும்தான். என் கையில் இருக்கும் கருவிகள் எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லப் போவதில்லை, கீழே வரும் புகார்களை யாரும் இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டாம்.)

என் பழைய பிரஷ் டிரில்லில் எனக்கு இன்னமும் பிடித்தது மெதுவாகத் தொடங்கும் விதம். ட்ரிக்கரை நூல் அளவு அழுத்தினால் நூல் அளவே சுற்றும். ஓடு மேல் பிட் வழுக்காமல் ஒரு புள்ளி போட வேண்டும், சின்ன ஸ்க்ரூவின் தலை சிதையாமல் கடைசி அரைச் சுற்று முடிக்க வேண்டும் என்றால் இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறேன். நல்ல பிரஷ்லெஸ் டிரில்லும் இப்படிச் செய்யும், காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்ல உள்ளே சென்சார் இருந்தால். சென்சார் இல்லாத மலிவு ரகங்கள் சுருளில் திரும்பி வரும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் காந்தத்தின் இடத்தைக் கணிக்கும். சுற்றாமல் நிற்கும்போது அந்த மின்னழுத்தமே இருக்காது, அதனால் லோடோடு தொடங்கச் சொன்னால் ஒரு விக்கல் விக்கி, இரண்டு முறை துள்ளி, அப்புறம்தான் ஓடும். கடையில் கையில் எடுத்தால் வெறுமனே ஓட்டிப் பார்க்காதீர்கள். வெறுமனே எல்லாமே நன்றாகத்தான் ஓடும். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் ஒரு பிட் மாட்டி, கட்டையில் அழுத்தி வைத்து, மிக மெதுவாகத் தொடங்கிப் பாருங்கள்.

கிரைண்டரும் ரம்பமும் முற்றிலும் வேறு கதை, அங்கே எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் என்னிடம் இருந்தது பிரஷ் மோட்டார் கார்ட்லெஸ் கிரைண்டர், நண்பரிடமிருந்து கைமாறி வந்தது. ஆங்கிள் இரும்பை வெட்ட எடுத்தால் இரண்டு வெட்டு ஜோராகப் போகும், மூன்றாவதில் சத்தம் இறங்கும், நாலாவதில் பிடிக்கும் இடமே சுடும், பின்பக்கத் துவாரத்தில் நீலமாகப் பொறி தெரியும், அந்தக் கருகல் வாசனை வேறு. பொறுமையில்லாமல் ஒருநாள் தொடர்ந்து அழுத்தியதில் ஆர்மேச்சர் வைண்டிங் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான், ஆனால் அந்தக் கருவி என்னைத் தடுக்க ஒன்றுமே செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது இருக்கும் பிரஷ்லெஸ் கிரைண்டர் வட்டு சிக்கினால் சட்டென்று நின்றுவிடுகிறது, சூடு ஏறினால் விளக்கைச் சிமிட்டிவிட்டு ஓட மறுக்கிறது, சுவிட்ச் ஆனில் இருக்கும்போது தெரியாமல் பேட்டரியை மாட்டினாலும் கிளம்பாது. முதலில் இதெல்லாம் எரிச்சலாக இருந்தது, வேலை நடுவில் நின்று கழுத்தறுக்கிறதே என்று. கிரைண்டர் ஒருமுறை கையைத் திருகிப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் இருக்காது.

ரம்பத்தில் இன்னொன்று. லோடு கூடியதும் பிரஷ் மோட்டாரின் வேகம் இறங்கும், நாம் தள்ளுவதைக் குறைத்துக் கொடுத்தால் மறுபடி ஏறும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் நம் கையேதான். பிரஷ்லெஸ் போர்டு வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் இறங்கப் பார்த்ததும் கரண்டைக் கூட்டிக் கொடுக்கிறது. கனமான பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது வெட்டின் ஓரம் கருகாமல் வருவது இதனால்தான். ஆனால் அந்தச் சுகத்துக்கு ஒரு ஆபத்தும் உண்டு: மோட்டார் திணறுவது காதுக்குத் தெரிவதில்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரேயடியாக நின்றுவிடும். பிரஷ் மோட்டார் சத்தம் போட்டு முன்னாலேயே சொல்லிவிடும்.

பேட்டரி விஷயம். பிரஷ் மோட்டாரின் திறன் நூற்றுக்கு 75 முதல் 80, பிரஷ்லெஸ்ஸுக்கு 85 முதல் 90 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் ஒரே சார்ஜில் பிரஷ்லெஸ் கொஞ்சம் அதிகம் ஓட வேண்டும், ஓடுகிறது, என் அனுபவத்திலும் டிரில்லில் அந்த "கொஞ்சம்" கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் விளம்பரத்தில் "பாதிக்குப் பாதி அதிகம்" என்று போடும்போது பழைய எந்த மாடலோடு ஒப்பிட்டார்கள், அதே பேட்டரியா என்று அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். இதைவிட முக்கியம் பேட்டரியின் கனம். 18 வோல்ட் பேட்டரி என்பது 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக. 2 ஆம்பியர் அவர் பேட்டரியில் பெரும்பாலும் ஐந்தே செல், 4 அல்லது 5 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பத்து செல். பத்து செல் பேட்டரி அதிக நேரம் ஓடுவது மட்டுமில்லை, ஒவ்வொரு செல்லிலும் பாதிக் கரண்டே போவதால் வோல்டேஜ் சரியாமல் நிற்கும். பெரிய பிரஷ்லெஸ் கிரைண்டரை வாங்கிவிட்டு அதில் ஐந்து செல் பேட்டரியை மாட்டினால் அதன் பலத்தில் பாதியை மூட்டை கட்டி வைத்த மாதிரி. நான் அந்தத் தப்பைச் செய்தேன், கருவி சரியில்லை என்று இரண்டு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன், அப்புறம் பெரிய பேட்டரி கிடைத்த அன்று வாயை மூடிக்கொண்டேன். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், டிரில் வாங்குபவர் பிரஷ் மோட்டாரும் பெரிய பேட்டரியும் எடுப்பது பிரஷ்லெஸ்ஸும் சோப்புப் பெட்டி பேட்டரியும் எடுப்பதைவிட எவ்வளவோ மேல். பேட்டரி நாளைக்கு வாங்கப் போகும் மற்றக் கருவிகளுக்கும் ஆகும், ஒரு கம்பெனியின் ஒரே வோல்ட் கருவி வரிசையில் பிரஷ், பிரஷ்லெஸ் இரண்டுக்கும் அதே பேட்டரிதான்.

20 வோல்ட் என்று எழுதியதைப் பார்த்து 18ஐவிட பலம் என்று ஏமாற வேண்டாம். அதே ஐந்து செல், முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அதை எழுதினால் 20 அல்லது 21. இதையும் தாண்டி, பெயர் தெரியாத சில கருவிகளில் 48, 88, இன்னும் துணிந்தவர்கள் 188 என்றெல்லாம் எழுதிப் பக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுகிறார்கள், வோல்ட் என்று சொல்லவில்லையே என்று பின்னால் தப்பித்துக்கொள்ள. பேட்டரியைத் திறந்து எண்ணினால் அதே ஐந்து செல். அந்தக் கருவிகளில் பிரஷ்லெஸ் என்ற ஸ்டிக்கரையும் நம்ப முடியாது. சோதிக்கச் சுலபமான வழி: இருட்டில் ஓட்டி, காற்றுத் துவாரம் வழியாக மோட்டாரின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீலப் பொறி தெரிந்தால் பிரஷ் இருக்கிறது, ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் சரி. உண்மையான பிரஷ் டிரில்லில் ட்ரிக்கரை விட்டதும் ஒரு பளிச் வருவதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள், அது பிரேக் பிடிப்பது, பயப்பட வேண்டாம். பொறியில்லாத மோட்டார் என்பதால் பெட்ரோல், தின்னர் ஆவி இருக்கும் இடத்தில் பிரஷ்லெஸ்ஸைத் தைரியமாக ஓட்டலாம் என்று ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பேட்டரி முனை, சுவிட்ச், போர்டு, எல்லாவற்றிலும் மின்சாரம் ஓடுகிறது, வெடி அபாயமுள்ள இடத்துக்கென்று சான்று பெற்ற கருவி வேறு.

இப்போது என் புகார். பிரஷ்லெஸ்ஸில் பராமரிப்பே இல்லை என்கிறார்கள். கார்பன் மாற்றும் வேலை இல்லை, அவ்வளவுதான். பேரிங், கியர், சக், ட்ரிக்கர் எல்லாம் எப்போதும்போல் தேயும். அப்புறம் போர்டு. என் பிரஷ்லெஸ் கிரைண்டர் இரண்டாவது வருஷம் ஒருநாள் காலையில் செத்துக் கிடந்தது. முந்தின நாள் வரை நன்றாக ஓடியது, இருமல் இல்லை, வாசனை இல்லை, ஒரு முன்னறிவிப்பும் இல்லை. சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்துவிட்டுப் போர்டு போச்சு என்றார்கள், போர்டு மட்டும் தனியாக வராது, ட்ரிக்கரும் சுருளும் சேர்ந்த செட்டாகத்தான் வரும் என்றார்கள், அந்த செட்டின் விலை புதுக் கருவியின் விலையில் பாதியைத் தாண்டியது. உள்ளே ஏராளமாக இரும்புத் தூள். காந்தம் இருக்கும் எந்த மோட்டாரும் இரும்புத் தூளை இழுக்கும், பிரஷ் மோட்டாரும்தான், ஆனால் இங்கே பக்கத்திலேயே போர்டு உட்கார்ந்திருக்கிறது. நல்ல கம்பெனிகள் போர்டை ரெசின் ஊற்றி மூடிவிடுகின்றன, என்னுடையதில் ஓரங்களில் மூடாமல் விட்டிருந்தது. அதிலிருந்து இரும்பு அறுத்த ஒவ்வொரு நாளும் முடிவில் துவாரங்களில் காற்று அடித்துச் சுத்தம் செய்கிறேன், கருவியை அறுபட்ட தூளின் மேல் கவிழ்த்து வைப்பதில்லை. வாங்கும் முன் உத்தரவாதம் எத்தனை வருஷம், பதிவு செய்தால்தான் செல்லுமா என்பதைக் கேட்டுக்கொள்வது பிரஷ்லெஸ்ஸுக்கு மிக அவசியம்.

பிரஷ் மோட்டார் சாவது வேறு மாதிரி. மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சாகும். பொறி பெரிதாகும், சில நேரம் தட்டினால்தான் ஓடும், பலம் குறையும். பெரும்பாலும் கார்பன் தேய்ந்திருக்கும், மாற்றினால் மறுபடி பழையபடி ஓடும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் வைத்திருக்கிறார்கள்: எல்லாக் கார்ட்லெஸ் கருவியிலும் கார்பனை வெளியிலிருந்து மாற்ற முடியாது. மோட்டாரின் இரு பக்கமும் ஸ்க்ரூ டிரைவரால் திருகிக் கழற்றும் வட்ட மூடி இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. இல்லையென்றால் உடலைப் பிரிக்க வேண்டும், சிலவற்றில் மோட்டாரையே முழுசாக மாற்றச் சொல்வார்கள், அப்போது "சுலபமாக ரிப்பேர் செய்யலாம்" என்கிற வாதமே அடிபட்டுப் போகும். பிரஷ் மோட்டார் வாங்குவதென்றால் அந்த மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இம்பேக்ட் டிரைவரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு ஸ்க்ரூவுக்கு மூன்று விநாடி, அடுத்ததை எடுத்து வைக்கும் நேரத்தில் ஆறிவிடும். நாள் முழுக்கக் கூரைத் தகடு அடிக்கிறவர் பிரஷ்லெஸ் வாங்கட்டும், என்னுடைய பிரஷ் டிரைவர் எனக்குப் போதும். கான்கிரீட்டில் துளை போடும் ரோட்டரி ஹாமர் வாங்குகிறவர்களுக்கு, யோசிக்காமல் பிரஷ்லெஸ். இலை ஊதும் புளோயருக்கும் அதேதான், அது தொடங்கினால் நிறுத்தாமல் ஓடும் கருவி.

என் பழைய டிரில்லுக்குப் போன மாசம் கார்பன் மாற்றினேன், இரண்டாவது முறை. ஒன்றுதான் அதிகம் தேய்ந்திருந்தது, இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒற்றையாக மாற்றினால் உரசல் சமமாக இருக்காது. மாற்றியதும் லோடு கொடுக்காமல் சில நிமிஷம் வெறுமனே ஓட விட்டேன், புதுக் கார்பன் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்றபடி தேய்ந்து உட்கார. முதலில் கரகரவென்று பொறி பறந்தது, கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறி ஒரே சீரான முனகலாக ஆனது. பக்கத்தில் பிரஷ்லெஸ் டிரில் சார்ஜரில் இருந்த பேட்டரிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.